பீனியல் கட்டி: காலத்தே கண்டறிதல்

மூளையின் நடுவே, ஆழத்தில் அமைந்துள்ளது பீனியல் எனப்படும் கூம்புச் சுரப்பி. இப்பகுதியில் தோன்றும் கட்டிகள் அரியவை. சிறுவரிடமும் இளைஞரிடமுமே மிகுதியாகக் காணப்படுபவை. கட்டி வளர்ந்து மூளைநீரின் குறுகிய பாதையை அடைப்பதால் தலைவலியும் வாந்தியும் உண்டாகின்றன. நடுமூளை அழுத்தப்படுவதால் கண்களை மேல்நோக்கி உயர்த்த இயலாமற் போகிறது.

மட்டாஞ்சேரியின் பள்ளி மாணவன் ஒருவன் ஓயாத தலைவலியுடன் வந்தால், கண்ணாடி எழுதிக் கொடுப்பதோடு நில்லாமல், விரலை உயர்த்திக் காட்டி, அவன் பார்வை அதனைத் தொடர்கிறதா என்று காணலாம். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பார்வை தொடர்ந்தாலும், வாந்தியும் நீடிக்குமாயின் எம்.ஆர்.ஐ. படம் இன்றியமையாதது.

இரத்தத்திலும் மூளைநீரிலும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், எச்.சி.ஜி. ஆகியவற்றின் அளவு, கட்டியின் வகையை அறிய உதவும். உள்நோக்கிக் கருவியால் தேங்கிய நீருக்கு மாற்றுவழி அமைத்து, அப்போதே திசுவும் எடுக்கலாம். ஜெர்மினோமா வகையாயின் கட்டியை அறுத்தகற்ற வேண்டுவதில்லை. கதிர்வீச்சால், தேவைப்படின் மருந்தும் சேர்த்து, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமடைகின்றனர். பிற வகைகள் பலவற்றுக்கு அறுவை தேவைப்படும்.

1949இல் கேரளத்தவரான டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூரில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. சிகிச்சை எட்டும் தொலைவில் உள்ளது. நோயாளியைக் காலத்தே அங்கு அனுப்புவதே முதல் நிலை மருத்துவரின் பொறுப்பாகும்.