பிசாசு உதைத்த கோபுரம்!

இங்கிலாந்தில் செஸ்டர்பீல்டு என்று ஒரு பழைய சந்தை ஊர். ரெயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துத் திகைப்பார்கள். மாதா கோவிலின் கூர்கோபுரம் துணி பிழிந்தது போல் முறுக்கி நிற்கிறது!

உயரம் 228 அடி. உச்சி 9½ அடி சாய்ந்திருக்கிறது. விழுந்து விடாதா? 600 ஆண்டுகளுக்கு மேலாக விழவில்லை!

லாடம் அடித்த கொல்லன், பிசாசின் காலில் ஆணியை ஏற்றிவிட்டானாம். வலி தாங்காமல் துள்ளிய பிசாசு கோபுரத்தை உதைத்ததாம். இது ஊர்க்கதை. உண்மையில் குற்றவாளி பச்சை மரம்! காயாத மரத்தில் கட்டினார்கள். குறுக்குச் சட்டமும் போதவில்லை. பிற்காலத்தில் 30 டன்னுக்கு மேல் ஈயத்தகடு வேறு ஏற்றினார்கள். பாரம் தாங்குமா?

1961 டிசம்பரில் கோவிலில் தீப்பிடித்தது. பெரிய ஆர்கன் வாத்தியம் சாம்பலானது. ஊரே பதறியது. மரக்கோபுரம் தப்பிவிட்டது!

ரெயில் என்ஜின் புகழ் ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1848-ல் அடக்கமானதும் இந்த ஊரில்தான். அதையும் பார்த்துவிட்டு வந்து, கோபுரத்தின் அடிவரை படியேறலாம். கீழே சந்தைக் கடைகள் தெரியும்.