பக்கத்து வீட்டுத் தண்ணீர் உங்கள் பக்கம் வந்தால்

மழை விட்டு மூன்று நாளாகியும் உங்கள் வீட்டுச் சந்தில் தண்ணீர் நிற்கிறது. பக்கத்து வீட்டுக் குழாயின் வாய் உங்கள் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. கேட்டால், “எங்க தாத்தா காலத்துல இருந்து இப்படித்தான் போவுது, உங்களால ஆனதப் பாத்துக்குங்க” என்கிறார். புதுச்சேரி நகரத்தில் இது தெருவுக்கு ஒரு வழக்கு. உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும், எடுத்த எடுப்பில் தவறாகக் கால் வைத்தால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வருவது மழைத்தண்ணீரா, குளித்துத் துவைத்துக் கழுவிய தண்ணீரா? சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துப் பேசித்தான் குழம்புகிறார்கள்.

மேட்டு மனையில் விழுந்த மழை தானாகச் சரிந்து உங்கள் பள்ள மனைக்கு வந்தால் தடுக்க முடியுமா? முடியாது. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டம் (அடுத்தவர் நிலத்தின் மேல் நமக்கு உள்ள வழி, தண்ணீர், வெளிச்சம் போன்ற உரிமைகளைச் சொல்லும் சட்டம்) அதை மேட்டுக்காரரின் உரிமை என்கிறது. நீங்கள் குறுக்கே சுவர் எழுப்பித் தண்ணீரை அவர் பக்கமே தேக்கினால் தவறு உங்களுடையது.

“இது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊராச்சே, இங்கே வேறு சட்டம் இருக்குமோ?” இந்தச் சந்தேகம் பலருக்கு உண்டு. இந்த விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. 1804-ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 640-ஆவது பிரிவும் இதையேதான் சொல்கிறது: மனிதக் கை படாமல் இயற்கையாக இறங்கி வரும் தண்ணீரைப் பள்ள நிலம் ஏற்க வேண்டும். அதே சட்டத்தின் 681-ஆவது பிரிவு இன்னும் தெளிவானது. கூரைத் தண்ணீர் சொந்த மனையிலோ பொதுத்தெருவிலோ விழும்படி வீட்டைக் கட்ட வேண்டும், அண்டை வீட்டு மனையில் விழவிடக் கூடாது. உங்கள் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றதாக இருந்தாலும் சரி, பிரெஞ்சுத் தனிச்சட்டம் பேசப்படுவது கல்யாணம், வாரிசு போன்ற காரியங்களில்தான். சாக்கடைக்கு அது வராது.

அப்படியானால் ‘மனிதக் கை’ எங்கே படுகிறது? மாடித் தண்ணீர் முழுவதையும் ஒரு குழாயில் திரட்டி உங்கள் சுவரடியில் கொட்டும்போது படுகிறது. மனையை மூன்றடி மண் போட்டு உயர்த்தி, முன்பு தெருவுக்கு ஓடியதை உங்கள் பக்கம் திருப்பும்போது படுகிறது. இவை இரண்டும் இயற்கையான ஓட்டம் அல்ல. அவற்றை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மனையை உயர்த்துகிறவர் எல்லாரும் வம்புக்காக உயர்த்துவதில்லை. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடுகிறார்கள், வீடு பள்ளமாகிறது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரு நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. வீட்டுக்குள் தண்ணீர் புகப் பார்த்தவர், அடுத்த வருடம் மண் அடிக்கத்தான் செய்வார்.

குளித்துத் துவைத்துப் புழங்கிய தண்ணீருக்கு, மழைத்தண்ணீருக்கு உள்ள சலுகை எதுவும் கிடையாது. அதை உங்கள் மனையில் விட அவருக்குப் பிறப்புரிமை இல்லை. ஆனால் அந்த ‘தாத்தா காலம்’ என்ற பேச்சை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு வாய்க்கால் 20 ஆண்டுகள் இடைவிடாமல், வெளிப்படையாக, யார் தடையும் இல்லாமல் ஓடியிருந்தால் அது உரிமையாகிவிடலாம். நம் ஊர்க்காரர்கள் இதை அனுபவ பாத்தியம் என்பார்கள். இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. நீங்கள் அனுமதி கொடுத்து ஓடிய தண்ணீருக்கு அந்த 20 ஆண்டுக் கணக்கு ஓடாது. ஆகவே பக்கத்து வீட்டு அம்மா, “தம்பி, ரெண்டு வருஷத்துக்கு உங்க சந்து வழியா ஒரு பைப் போட்டுக்கிறோம்” என்று கேட்டால் தாராளமாகச் சம்மதியுங்கள். ‘அனுமதியின் பேரில், கேட்கும்போது எடுத்துவிடுகிறோம்’ என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். முகம் பார்த்து இதைச் செய்யாமல் விட்டவர்களின் பிள்ளைகள்தான் பிற்பாடு கோர்ட்டில் நிற்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் பங்காளியாக இருந்தால்? பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள பழைய தமிழ்த் தெருக்களில் இது மிகச் சாதாரணம். முற்றம் வைத்த ஒரே வீட்டை அண்ணன் தம்பி பாகம் பிரித்திருப்பார்கள். முற்றத்துத் தண்ணீர் தரைக்கடியில் ஓடி, தம்பி பாகத்தைத் தாண்டித் தெருவில் விழும். பாகம் பிரிக்கும்போது அந்த வாய்க்கால் கண்ணுக்குத் தெரியும்படி ஓடிக்கொண்டிருந்து, அண்ணன் பாகத்துக்கு அவசியமாகவும் இருந்தால், பத்திரத்தில் ஒரு வரி இல்லாவிட்டாலும் அந்த உரிமை தொடரும். தரைக்கடியில் போனாலும் அதன் வாயும் சல்லடை மூடியும் தெரிந்தால், கண்ணுக்குத் தெரிவதாகவே கொள்ளப்படும். எனவே பாகப்பத்திரத்தையும், இருந்தால் பிரெஞ்சு காலத்து நோட்டரிப் பத்திரத்தையும் படித்துப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள். பிரெஞ்சில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து ‘எல்லைகள்’ என்ற பகுதியை மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கோபத்தில் அந்தக் குழாயை சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமா? கூடாது. அடைத்த அன்றே அவர் தடையுத்தரவு கேட்டு நீதிமன்றம் போகலாம். வாதியாக இருக்க வேண்டிய நீங்கள் பிரதிவாதி ஆகிவிடுவீர்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடைப்பதற்குப் பதில் கைபேசியில் படம் எடுங்கள். மழை பெய்யும்போதே, தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியும்படி, தேதியோடு எடுங்கள். வெயில் காலத்திலும் ஒன்று எடுங்கள். மழையே இல்லாத சித்திரையில் அந்தக் குழாயில் தண்ணீர் வந்தால் அது புழங்கிய தண்ணீர்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு பேச்சு. தனியாகப் போகாமல் ஒரு கொத்தனாரையோ பிளம்பரையோ அழைத்துக்கொண்டு போங்கள். “அண்ணே, உங்க தண்ணிய நிறுத்துங்க” என்பதைவிட, “அண்ணே, இத தெருவுக்குத் திருப்ப எவ்வளவு ஆகும்னு இவரு பாக்கட்டும், பாதிய நான் தரேன்” என்றால் பேச்சு நகரும். பாதி ஏன் தர வேண்டும் என்று உங்களுக்கு எரிச்சல் வரும். வழக்கு நடத்தினால் ஆகும் செலவில் இது ஒரு சிறு பங்கு. நாலு அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு கிடைத்தால் போதும்.

அவர் கதவையே திறக்கவில்லையென்றால் யாரிடம் போவது? உங்கள் வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். நகரம் இரண்டு நகராட்சிகளாக இருக்கிறது: புதுச்சேரி, உழவர்கரை. ரசீதில் உள்ள நகராட்சியின் ஆணையருக்கு மனு எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். பாதாளச் சாக்கடை பற்றிய புகார் என்றால் பொதுப்பணித் துறையின் பொது சுகாதாரக் கோட்டத்துக்குப் போக வேண்டும். மனுவில் உங்கள் எல்லைத் தகராறை எழுதாதீர்கள், “சிவில் விவகாரம்” என்று திருப்பிவிடுவார்கள். கழிவுநீர் தேங்குகிறது, கொசு உற்பத்தியாகிறது, தெருவுக்கு வழிகிறது என்று எழுதுங்கள். அது அவர்கள் கவனிக்க வேண்டிய வேலை. மனு என்ன ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பொதுவழியே பாதிக்கப்பட்டால், முன்பு 133 என்று சொல்லப்பட்டு, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 152 ஆகிவிட்ட பிரிவின் கீழ் வருவாய்த் துறைத் துணை ஆட்சியரிடம் முறையிடலாம். மிரட்டல், அடிதடி இருந்தால் மட்டும் போலீஸ்.

மாடிக் குழாயைக் கழிவறைத் தொட்டியில் இணைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். மழைநீர் பாதாளச் சாக்கடைக்குள் பாய்ந்து, பள்ளத்தில் இருப்பவர் குளியலறையில் எழும்பும். கூடவே, உங்கள் கழிவறைக் குழாயில் வளைவுத் தண்ணீர்ப்பூட்டு (குழாய் வளைவில் எப்போதும் நிற்கும் தண்ணீர், வாயு மேலே வராமல் தடுப்பது) இருக்கிறதா என்று பிளம்பரை விட்டுப் பாருங்கள். 2024 ஜூன் 11-இல் ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவறை வழியாக வந்த சாக்கடை வாயு, ஒரு சிறுமி உட்பட மூன்று பேரின் உயிரைக் குடித்தது. சாக்கடைத் தகராறில் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தை ‘வெறும் நாற்றம்’ என்று நினைக்காதீர்கள்.

நீதிமன்றம் கடைசி வழி. முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், வழக்கறிஞர் ஆணையர் (நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர்) வந்து இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். உங்கள் படங்களைவிட அந்த அறிக்கைக்கு மதிப்பு அதிகம். ஆனால் தீர்ப்பு வரப் பல வருடம் ஆகலாம். அதற்கு முன் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனு கொடுத்து லோக் அதாலத் (சமரச நீதிமன்றம்) கேட்டுப் பாருங்கள். கட்டணம் இல்லை. இருவரும் ஒப்புக்கொண்டு அங்கே எழுதப்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

இதில் எதைச் செய்வதானாலும் ஐப்பசி பிறப்பதற்குள் செய்யுங்கள். மழை தொடங்கிய பிறகு நகராட்சி ஆட்கள் மோட்டாரும் கையுமாக ஊரெல்லாம் அலைவார்கள், கொத்தனார் கிடைக்க மாட்டார், பக்கத்து வீட்டுக்காரரும் பேசும் நிலையில் இருக்க மாட்டார்.