பொன்னி நெல்லும் பிறநாட்டு உறவும்

தஞ்சைப் பகுதியில் விருந்தென்றால் இலையில் பொன்னி அரிசிச் சோறு படைப்பது வழக்கமாகிவிட்டது. பொன்னி என்பது காவிரிக்குரிய பெயராதலின், இந்நெல் பாட்டன் காலந்தொட்டு இவ்வாற்றங்கரையில் விளைந்ததென்றே பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1950-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய திட்டத்தின்படி, கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தைவானின் தைச்சுங் 65 என்னும் ரகமும், மலாய் நாட்டின் மாயாங் எபோஸ் 80 என்னும் ரகமும் ஒட்டுச் சேர்க்கப்பட்டன. அவ்வித்து மலேசியாவில் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1965-இல் மசூரி என்ற பெயருடன் வெளிவந்தது. பின்னர்த் தமிழகம் வந்து பொன்னியாயிற்று. அதிலிருந்து தெரிந்தெடுத்த வெள்ளைப் பொன்னியைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது.

இக்கொடுக்கல் வாங்கல் ஒருதலையானதன்று. ஆத்தூர்க் கிச்சிலிச் சம்பாவிலிருந்து கிடைத்தது ஜி.இ.பி. 24. அதன் வழிவந்த டி.கே.எம். 6 என்னும் நம் ரகம், தண்டுத் துளைப்பானைத் தாங்கும் தன்மையுடையது. அதனைப் பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் சேர்த்து உண்டாக்கிய ஐ.ஆர். 20, 1969-இல் வெளிவந்து, நம் வயல்களுக்கே திரும்பியது.

புதிய ரகங்களால் மகசூல் பெருகியதை மறுப்பாரில்லை. ஆயினும் வீட்டு வழக்கங்களும் உடன் மாறின. குட்டை ரகங்களால் வைக்கோல் குறைந்தது. கூரை வேயவும் கறவைக்குப் போடவும் நெடிய சம்பாத் தாள் கிடைப்பது அரிதாயிற்று. பழைய வித்துக்கள் பல ஊர்களில் அடியோடு அற்றுப்போயின. கிச்சிலிச் சம்பாவை அக்காலக் குடியானவர் கைவிட்டிருந்தால் ஐ.ஆர். 20 ஏது? இன்று அழியும் வித்து, நாளை எப்பூச்சிக்கு மருந்தாகுமென்று யாரறிவார்?

திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் ஜெயராமன், 2018-இல் காலமாகும் வரை பழைய வித்துக்களைத் தேடிச் சேர்த்து, பெற்றவர் இருமடங்காகத் திருப்பித் தரவேண்டுமென்ற ஏற்பாட்டுடன் வழங்கிவந்தார். இது எவ்வூரிலும் செய்யத்தக்கதே.

வேலிக்கு ஒரு மா நிலமேனும் பழைய சம்பாவுக்கு ஒதுக்குவது நலம். பூக்கும் தருணத்திலும் அறுப்புக்கு முன்னும் கலவன்களைக் களைந்து, நல்ல கதிர்களைத் தனியே அறுத்து, நன்கு உலர்த்தி, விதைக்கோட்டையில் கட்டிவைத்தல் வேண்டும். எவரிடம் எவ்வித்து உள்ளதென்பதைக் கிராம அதிகாரிகள் குறித்துவைப்பின், வேண்டுவோர்க்கு வழிகாட்டலாம். அயல்நாட்டு வித்தை வரவேற்போம்; பதிலுக்குக் கொடுக்க நம் குதிரிலும் வித்து இருத்தல் வேண்டும்.