வியாழனைக் கொழித்தெடுப்பது

வெள்ளவத்தை மாடியொன்றில் ஐந்து அங்குலத் தொலைநோக்கியை நிறுத்தி, கண்வில்லையோடு கைபேசியைப் பொருத்தி வியாழனை ஒரு தரம் படமெடுத்தால் கிடைப்பது ஒரு வெள்ளைப் பொட்டு. அதே தொலைநோக்கி, அதே கைபேசி. இம்முறை படத்துக்குப் பதில் இரண்டு நிமிட வீடியோ. அதைக் கணினியில் பக்குவப்படுத்தினால் வியாழனின் இரண்டு பழுப்புப் பட்டைகளும் வந்துவிடும். நேரம் வாய்த்தால் பெருஞ்செம்பொட்டும் தெரியும். இடையில் நடப்பது, சோறாக்குமுன் அரிசிக்கு நாம் செய்யும் வேலைதான்.

வியாழனின் ஒளி அறுபது கோடி கிலோமீற்றருக்கு மேல் பழுதில்லாமல் வந்து, கடைசிச் சில கிலோமீற்றரில் நம் காற்றில் கலங்குகிறது. சூடும் குளிரும் கலந்தோடும் காற்று, ஒளியைக் கணத்துக்கொரு பக்கமாக வளைக்கிறது. ஆனாலும் செக்கனில் நூறிலொரு பங்கு நேரம் அந்தக் காற்று அசையாமல் நிற்பதுண்டு. அப்படிப்பட்ட கணம் எத்தனை தரம் வாய்க்கும் என்று டேவிட் ஃப்ரைட் 1978இல் கணக்கிட்டுக் காட்டினார். செக்கனுக்கு 60 படம் வீதம் இரண்டு நிமிடத்தில் 7,200 படங்கள் சேர்கின்றன. பெரும்பாலானவை கல்லும் குறுணலும். நல்ல மணிகளும் உள்ளேதான் கிடக்கின்றன.

ஆகவே முதல் வேலை கொழிப்பது. ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள்தான் சுளகு. ஒவ்வொரு படத்தின் கூர்மையையும் அளந்து வரிசைப்படுத்தித் தரும். மேலேயுள்ள பத்து வீதத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம். காற்று கலங்கிய இரவில் ஐந்து வீதமே போதும். இங்கே இரக்கம் காட்டக்கூடாது.

பிறகு பானை. மிஞ்சிய 720 படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுக்க வேண்டும். கோளின் விவரம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். கமராவின் புள்ளியிரைச்சலோ படத்துக்குப் படம் வேறு வேறு இடத்தில் விழும். அதனால் விவரம் நிலைக்க, இரைச்சல் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கேற்பக் குறைகிறது. 720 படங்களில் அது ஏறத்தாழ 27இல் ஒரு பங்காகிவிடும். வியாழன் பத்து மணிக்கும் குறைந்த நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவதால், இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வீடியோ நீண்டால் விவரம் இழுபட்டுவிடும்.

கடைசியாகக் கஞ்சி வடிப்பு. சேர்த்த படம் குழைந்து மங்கலாகவே இருக்கும். ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் கூர்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பட்டைகள் பிரிந்து தெரியத் தொடங்கும். பல நல்ல படங்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். அளவு மீறினால் கோளின் விளிம்பில் வியாழனில் இல்லாத வளையமொன்று முளைக்கும்.

நிலாவுக்கு இவ்வளவு பாடில்லை. அது வெயிலில் கிடக்கும் நிலம்: துளை எஃப் 11, ஐஎஸ்ஓ 100, செக்கனில் நூறிலொரு பங்கு. அரைநிலா நாட்களில் ஒளி-இருள் எல்லையோரம் பள்ளங்களின் நிழல் நீண்டு கிடக்கும். பௌர்ணமியில் எல்லாம் தட்டையாகிவிடும்.

கொட்டாஞ்சேனையில் துறைமுக வெளிச்சம் என்று தயங்க வேண்டாம். நிலாவும் கோள்களும் அதைவிடப் பிரகாசமானவை. பகலெல்லாம் வெயில் குடித்த கொங்கிறீற்று மாடியும், அயல்வீட்டு ஏசி வெளியே தள்ளும் சூடும்தான் எதிரி. இரவு ஏறி மாடி ஆறும்வரை பொறுங்கள்.

கொழும்பு ஏழு பாகை வட அகலாங்கில் இருப்பது பெரிய கொடை. 2020 ஜூலையில் வியாழன் லண்டனில் 16 பாகை உயரத்துக்குத்தான் ஏறியது. இங்கே 60 பாகை. லண்டன்காரர் அன்று மூன்று மடங்கு தடித்த காற்றினூடாகப் பார்க்க வேண்டியிருந்தது. நம்மைப்போல நிலநடுக்கோட்டுக்கு அருகேயுள்ள பிலிப்பைன்ஸின் செபு நகரிலிருந்துதான் கிறிஸ்டோபர் கோ என்ற ஆர்வலர், வியாழனின் வெண்பொட்டொன்று சிவந்துவிட்டதை 2006இல் கண்டுபிடித்தார்.

அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே இந்தத் தீவிலும் அப்படியொரு கண்டுபிடிப்பு நடந்திருக்கிறது. கொழும்பில் 1867இல் பிறந்த பேர்சி மோல்ஸ்வேர்த் என்ற இராணுவப் பொறியியலாளர், திருகோணமலையில் பன்னிரண்டரை அங்குலத் தொலைநோக்கியால் வியாழனைப் பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்தார். காற்று நிற்கும் கணத்துக்குக் காத்திருந்து, அப்போது கண்டதை மட்டும் தாளில் பதித்தார். கொழிப்பு முழுவதும் அவர் கண்ணிலேயே நடந்தது. 1901இல் வியாழனின் தென்பகுதியில் அவர் கண்ட பெருங்குழப்பத்தை உலகம் பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. செவ்வாயில் ஒரு பள்ளம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அவர் குறிப்புகளை அனுப்பிய பிரித்தானிய வானியல் சங்கத்தின் வியாழன் பிரிவு, இன்றும் ஆர்வலர்களின் படங்களைக் கொண்டு அந்தக் கோளைக் கண்காணிக்கிறது. நல்ல படம் வாய்த்தால் அனுப்புங்கள். வீடியோவின் நடுநேரத்தை உலக நேரத்தில், அதாவது கொழும்பு நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து, படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.