இரண்டு கருங்கற்கள்

மாணவர்களே, மும்பையிலும் புனேயிலும் வாழும் உங்களுள் பலர் கோடை விடுமுறையில் தொடர்வண்டி ஏறித் தமிழ்நாட்டுக்குச் செல்கிறீர்கள். கர்ஜத்துக்கும் லோனாவளாவுக்கும் இடையே, சன்னலுக்கு வெளியே கறுத்த பாறைகள் படிக்கட்டுகள்போல் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும். பல மணி நேரம் கழித்து ராய்ச்சூரை நெருங்கும்போது படிகள் மறைந்துவிடும். அங்கே உருண்டு திரண்ட பெரும்பாறைகள், எவரோ ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து வைத்தாற்போலக் கிடக்கும். முன்னது பசால்ட், பின்னது கிரானைட்.

இரண்டையும் நாம் 'கருங்கல்' என்றே அழைக்கிறோம். "ஐயா, பாட்டி வீட்டு அம்மியும் நம் பள்ளிச் சுற்றுச்சுவரும் ஒரே கல்தானே?" என்று என் வகுப்பில் ஆண்டுதோறும் எவரேனும் கேட்பதுண்டு. அல்ல. தமிழ்நாட்டில் கருங்கல் என்பது பெரும்பாலும் கிரானைட்டையும் அதன் உறவுப் பாறைகளையும் குறிக்கும். உற்று நோக்கினால் கிரானைட்டில் வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு மணிகள் விரவியிருக்கும். பெயருக்கேற்பக் கறுத்திருப்பது மகாராட்டிரத்துப் பசால்ட்டே!

இரண்டும் தீப்பாறைகள், அதாவது, உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகியதால் தோன்றியவை. ஆனால், ஆறிய இடம் வேறு. கிரானைட்டுக்குரிய குழம்பு நிலத்துக்குள் பல கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கிவிட்டது. மேலிருந்த பாறைகள் போர்வைபோல் வெப்பத்தைக் காத்தமையால், அது மிக மெதுவாக ஆறியது. பசால்ட்டுக்குரிய குழம்போ நிலப்பிளவுகளின் வழியே வெளியே வழிந்து, காற்றுப் பட்டு விரைந்து இறுகியது. சர்க்கரைப் பாகைப் பல நாள் அசைக்காமல் வைத்தால் கற்கண்டு விளையும். விரைவாகக் கிளறி ஆற்றினால் பொடியாகிவிடும். அவ்வாறே கிரானைட்டின் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியவை. பசால்ட்டின் படிகங்களைக் காண உருப்பெருக்கி வேண்டும்.

விரைந்து ஆறியிருந்தால் கிரானைட்டே பசால்ட் ஆகியிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். குழம்பின் சேர்மானமும் வேறு. கிரானைட்டில் சிலிக்கா ஏறத்தாழ 70 விழுக்காடு; பசால்ட்டில் 50 விழுக்காடு அளவே. பசால்ட்டில் இரும்பும் மக்னீசியமும் மிகுதி. அதன் கருநிறத்துக்கு அதுவே காரணம். கிரானைட் குழம்பு வெளியே வந்து ஆறினால் ரையோலைட் என்னும் வேறொரு பாறையே கிடைக்கும்.

தக்காணத்தில் பசால்ட் குழம்பு வழிந்தது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். ஒரு முறை வழிந்து இறுகியதன்மேல் மறுமுறை வழிந்தது. லோனாவளாவில் நீங்கள் காணும் படிகள் அவ்வாறு உண்டானவை. இன்றும் ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் இப்பாறையால் மூடப்பட்டுள்ளது. எல்லோராவின் கைலாசநாதர் கோயில் இப்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்யப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலோ கிரானைட் கற்களை அடுக்கிக் கட்டப்பட்டது.

ராய்ச்சூர்ப் பகுதியின் கிரானைட் இதனினும் மிகத் தொன்மையானது. அதன் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். மேலிருந்த பாறைகள் மழையாலும் வெயிலாலும் தேய்ந்து நீங்கிய பின்னரே அது வெளியே தெரிந்தது. முனைகள் சிதைந்து பாறைகள் உருண்டையானதும் அவ்வாறே.

பசால்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? மகாராட்டிரத்தின் கொய்னாவில் அறிவியலார் ஆழ்துளையிட்டுப் பார்த்தனர். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பசால்ட்டைத் துளைத்த பின் கீழே கிடைத்தது, கிரானைட்டும் அதன் உறவுப் பாறைகளும். பாட்டி வீட்டு அம்மியின் இனம், உங்கள் கறுத்த மலைகளுக்கு அடியிலும் இருக்கிறது.