தண்டு பிரிக்கும் இயந்திரமும் முதலாம் வருடப் பௌதிகவியலும்

உலர்த்தி எடுத்த தேயிலையில் தண்டும் நாரும் கலந்து கிடந்தால் அதன் விலை விழுந்துவிடும். கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இது பழைய தலைவலி. முன்பிருந்தே இதற்கு ஒரு வழி உண்டு. பிளாஸ்டிக் உருளைகளைத் தேய்த்து நிலைமின் ஏற்றினால், தேயிலையைவிடச் சற்று ஈரம் கூடிய தண்டும் நாரும் அவற்றில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். இப்போது வந்திருக்கும் ‘கலர் சோர்ட்டர்’ வேறு விதமாக வேலை செய்கிறது. தேயிலை மேலிருந்து விழும்போது கமெரா ஒவ்வொரு துணிக்கையின் நிறத்தையும் பார்க்கிறது. வெளிறிய தண்டு தென்பட்டால் வால்வு திறந்து, அமுக்கிய காற்று அதை ஒதுக்கித் தள்ளுகிறது. கமெரா, கணினி, வால்வு மூன்றும் ஒரே உடலாக இயங்கும் இந்த இயந்திரம் மெக்கட்ரோனிக்ஸ் பாடநெறிக்கு நல்ல உதாரணம். ஆனால் அதன் உயிர் முதலாம் வருடப் பௌதிகவியலில்தான் இருக்கிறது. தேயிலை 30 சென்ரிமீற்றர் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றுத்தடையைப் புறக்கணித்தால், அப்போது அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 2.4 மீற்றர். வால்வு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கு தாமதித்தாலும் தண்டு 5 மில்லிமீற்றர் கீழே போய்விடும். காற்று பின்னால் வரும் நல்ல தேயிலையைத் தள்ளிவிடும். இந்தத் தாமதத்தை எந்த நிரலும் தானாகக் கண்டுபிடிக்காது. யாராவது அளந்து சொல்ல வேண்டும்.

‘இதெல்லாம் உயர்தரத்திலேயே படித்து முடித்ததுதானே’ என்று மாணவர்கள் கேட்பார்கள். பேராதனைப் பொறியியற் பீடத்துக்குள் வருகிறவர்கள் பௌதிகவியலில் சளைத்தவர்கள் அல்லர் என்பதும் உண்மை. 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் மகாவலிக் கரைக்கு வந்த அந்தப் பீடத்தில், எல்லோரும் முதலில் பொதுவாகப் படித்த பின்னர்தான் இயந்திரவியல், மின்னியல், கணினி என்று பிரிகிறார்கள். மெக்கட்ரோனிக்ஸ் இந்த மூன்றும் கூடும் இடம். ஆனால் அவர்கள் உயர்தரத்தில் எதற்குப் புள்ளி வாங்கினார்கள் என்று பாருங்கள். முதற் தாளில் 50 பல்தேர்வு வினாக்கள்; இரண்டாம் தாளில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். பரிசோதனை பற்றிய வினாவுக்கும் விடை தாளில்தான். திருகுக்கணிச்சியைக் கையிலெடுத்து ஒரு கம்பியின் விட்டத்தை அளந்து காட்டுவதற்குப் புள்ளி கிடையாது. காற்றுத்தடையைப் புறக்கணிக்குமாறு வினாத்தாள் சொல்லும், மாணவரும் புறக்கணிப்பார். காய்ந்த தேயிலையோ இலேசான பொருள், காற்றை அப்படி ஒதுக்கிவிட்டு விழாது. சமன்பாடு தெரிவதும் அது எங்கே பொய்த்துப்போகும் என்று தெரிவதும் இருவேறு தேர்ச்சிகள். இரண்டாவதை நம் பரீட்சை முறை ஏறக்குறையத் தொடுவதேயில்லை.

கண்டியிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு பரிசோதனை இதைத் தெளிவாக்கும். வெப்பநிலை சென்சர் ஒன்றை அளவுதிருத்த, உருகும் பனிக்கட்டியில் ஒரு வாசிப்பும் கொதிநீரில் ஒரு வாசிப்பும் எடுப்பது வழக்கம். பனிக்கட்டி பூச்சியம், கொதிநீர் நூறு என்று எழுதிவிடுவோம். கண்டியோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வளியமுக்கம் குறைவு என்பதால் நீர் 98.3 பாகை அளவிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 பாகைக்குக் கிட்ட. அதை நூறு என்று பதிந்துகொண்ட மாணவர் ஓர் உலர்த்தி செய்தால், அது எப்போதும் கேட்டதைவிடக் குறைந்த சூட்டிலேயே நிற்கும். நிரலை வரிவரியாகத் தேடினாலும் பிழை கிடைக்காது, ஏனெனில் பிழை நிரலில் இல்லை. கொதிநிலை அமுக்கத்தில் தங்கியிருக்கிறது என்பதை அந்த மாணவரும் பாடசாலையில் படித்தவர்தான்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. இப்போது சென்சர், மோட்டார், மைக்ரோகொன்ட்ரோலர் எல்லாம் தயாராகக் கடையில் கிடைக்கின்றன. அவற்றுக்கான நிரலும் இணையத்தில் இலவசம். கார் ஓட்டுகிறவர் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லாதபோது இவர்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பாரம்? ஓட்டுநருக்கு இது பொருந்தும், இயந்திரத்தை வடிவமைக்கிறவருக்குப் பொருந்தாது. மாணவர்களின் ரோபோக்களில் அடிக்கடி காணப்படும் கழியொலி சென்சர், ஒலி போய்த் திரும்பும் நேரத்தைத் தூரமாக மாற்றுகிறது. ஒலியின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர் என்று நிரலில் மாறிலியாக எழுதியிருந்தால், 28 பாகை வெயிலில் அது தவறு. அப்போது வேகம் ஏறத்தாழ 348. இரண்டு மீற்றர் தூரத்தில் நான்கு, ஐந்து சென்ரிமீற்றர் பிசகும். தயார்ப் பொருள் நம் வேலையைக் குறைக்கிறது, உண்மைதான். கூடவே யாரோ செய்த ஊகங்களையும் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறது.

பாடசாலைப் பௌதிகவியல் முடிந்துபோன கதை என்று நினைப்பவர்கள் பேராசிரியர் அழகையா துரைராஜாவை நினைத்துக்கொள்ளலாம். உராய்வு நாமெல்லோரும் பாடசாலையில் படிப்பதுதான். அமுங்கும் மண்ணின் துணிக்கைகள் ஒன்றோடொன்று உராயும்போது சக்தி எவ்வளவு செலவாகிறது என்று கேம்பிரிட்ஜில் அளந்து ஆராய்ந்தவர் அவர். 1963இல் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் மண் பொறியியலின் அடிப்படைகளில் ஒன்று. பிறகு பேராதனையில் பொறியியற் பீடாதிபதியாகவும், யாழ்ப்பாணத்தில் துணைவேந்தராகவும் இருந்தார்.

ஆய்வுகூடத்துக்குப் பணம் எங்கே என்ற கேள்வி மிஞ்சுகிறது. பனிக்கட்டியும் கேத்தலும் பெரிய செலவல்ல. புதிய கட்டடத்தைவிட, வாசிப்பைத் தன் கையால் எடுத்து அதன் வழு எவ்வளவு என்று எழுதிய மாணவருக்குப் பாடநெறி புள்ளி கொடுப்பதே அவசரம். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு வீட்டில் ஏதாவது வாங்கிக் கொடுப்பதானால், ரோபோப் பெட்டிக்கு முன்னால் ஒரு மல்டிமீற்றரும் நல்ல வெப்பமானியும் வாங்கிக் கொடுங்கள்.