உங்கள் செல்லப் பிராணிக்கு டாக்டர் தேடுகிறீர்களா?

ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றால் நாம் எவ்வளவு அலைகிறோம்! ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்குகிறோம். பிராசசர் என்ன, ராம் எவ்வளவு, வாரண்டி எத்தனை ஆண்டு, சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் துளைத்த பிறகுதான் பணத்தை வெளியே எடுக்கிறோம். ஆனால் வீட்டில் வளரும் நாய்க்கோ பூனைக்கோ டாக்டர் தேவை என்றால், மொபைலில் தேடி முதலில் வரும் கிளினிக்கின் ஸ்டார்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பி விடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்பதற்காக இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. தெருவில் குட்டியாகக் கிடந்ததை அம்மா எடுத்து வந்து வளர்த்த நாட்டு நாய். அருகில் 4.8 ஸ்டார் வாங்கிய கிளினிக் ஒன்று இருந்தது. ஊசி, பூச்சி மருந்து எல்லாம் அங்கேதான். 2023 நவம்பரில் இரண்டு நாளாக மணி சரியாகச் சாப்பிடவில்லை. மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் இரவு 11 மணிக்கு அம்மா அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது.

கிளினிக்கிற்கு போன் செய்தேன். மணி அடித்துக் கொண்டே இருந்தது. "24 மணி நேரமும் திறந்திருக்கும்" என்று மேப்பில் போட்டிருந்ததை நம்பி நேரில் போனால் கேட்டில் பூட்டு. கடைசியில் எதிர் வீட்டு மாமியிடம் நம்பர் வாங்கி, வேறு ஒரு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒரு மணி. பார்த்தவுடன் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று சொல்லி ரத்தம் எடுத்தார். பிறகு என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்.

"தம்பி, முன்னாடி எடுத்த ரத்த ரிப்போர்ட் இருக்கா? கடைசியா எடை பார்த்தப்ப எத்தனை கிலோ? ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?"

ஜூன் மாதம் ஒரு ஊசி போட்டபோது மணியின் முகம் வீங்கியது அம்மாவுக்கு நினைவிருந்தது. அது என்ன ஊசி? சீட்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் படம், பேக்கப் எடுக்காமல் மாற்றிய பழைய மொபைலோடு போய்விட்டது. ஆபீசில் தினமும் சர்வர் பேக்கப் ஒழுங்காக நடந்ததா என்று பார்ப்பது என் வேலை! டாக்டர் ஒவ்வொரு மருந்தாக யோசித்து யோசித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிளேட்லெட் எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தது. டிரிப்ஸ், அதன் பிறகு 28 நாள் மாத்திரை. மணி பிழைத்துக் கொண்டது.

கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்த பிறகு ஆன்டி வைரஸ் தேடுவதைப் போன்றதுதான் நான் செய்தது. டாக்டரை நோயில்லாத நாளில் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்படி என்று பார்க்கலாம்.

ஸ்டார்களை எப்படிப் படிப்பது?

ஸ்டார் என்பது சராசரி. ஊசி போட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பியவரும், அறுவை சிகிச்சைக்குப் போனவரும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். எனவே மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு ரிவியூக்களைப் படியுங்கள். கூகுள் மேப்பில் ரிவியூக்களை வரிசைப்படுத்தும் வசதி உள்ளது. முதலில் புதியவை, பிறகு குறைந்த மதிப்பெண் பெற்றவை என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். கோபத்தில் எழுதியவற்றைத் தள்ளிவிடலாம். ஒரே குறையை வேறு வேறு ஆட்கள், வேறு வேறு மாதங்களில் எழுதியிருந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். "இரவு", "எமர்ஜென்சி", "பூனை" போன்ற சொற்களைக் கொடுத்து ரிவியூக்களுக்குள்ளேயே தேடலாம். ஆங்கிலத்திலும் கொடுத்துத் தேடிப் பாருங்கள்.

தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காமல் நேரத்தில் பாருங்கள். மேப்பில் புறப்படும் நேரத்தை மாலை 6 மணி என்று கொடுத்தால், அந்த நேரத்துப் போக்குவரத்தில் எத்தனை நிமிடம் ஆகும் என்று காட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் 10 நிமிடத்தில் சென்ற இடம், வேலை நாளில் 40 நிமிடம் ஆகலாம்.

பதிவு எண் கேளுங்கள்

இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984ல் இயற்றப்பட்டது. அதன்படி மாநில கவுன்சிலில் பதிவு செய்த டாக்டர்கள்தான் சிகிச்சை அளிக்கலாம். முதலுதவி, காயத்துக்குக் கட்டுப் போடுவது போன்ற சிறு வேலைகளை, பயிற்சி பெற்ற உதவியாளர்கள் டாக்டரின் மேற்பார்வையில் செய்யலாம். படிப்பு பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். என்ற பட்டம். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. அதற்கு மேல் எம்.வி.எஸ்சி. முடித்தவர்கள் அறுவை சிகிச்சை, பொது மருத்துவம் என ஏதாவது ஒரு பிரிவில் சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள்.

போர்டிலோ மருந்துச் சீட்டிலோ பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்பதில் தவறில்லை. பிராணிகள் விற்கும் கடையில் "நாங்களே ஊசி போட்டுடுவோம் சார், பாதிப் பணம்தான்" என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

நாய்களைப் பார்த்தே பழகியவருக்கு முயலும் கிளியும் கைவந்தவை என்று சொல்ல முடியாது. சில ஆன்டிபயாடிக் மருந்துகளை நாய்க்குக் கொடுப்பது போல முயலுக்கு வாய்வழியே கொடுத்தால் குடல் பாதித்து உயிரே போகலாம். உங்கள் வீட்டில் என்ன பிராணியோ, அதை அடிக்கடி பார்க்கும் டாக்டரா என்று முதலிலேயே கேளுங்கள்.

போனில் கேட்க வேண்டியவை

* இரவு 10 மணிக்கு மேல் யார் போன் எடுப்பார்கள்? நீங்கள் இல்லாதபோது எங்களை எங்கே அனுப்புவீர்கள்? கேட்பதோடு நிற்காமல், ஒரு நாள் இரவில் அழைத்தும் பாருங்கள்.

* ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் அங்கேயே உண்டா? வெளியே அனுப்பினால் ரிப்போர்ட் வர எவ்வளவு நேரம் ஆகும்?

* இரவில் தங்க வைத்துப் பார்க்கும் வசதி உண்டா? அப்போது உடன் யார் இருப்பார்கள்?

* தடுப்பூசி மருந்து வைக்கும் பிரிட்ஜுக்கு, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு? தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வாங்கும் நாம், இதைக் கேட்காமல் விடலாமா?

* பரிசோதனை முடிவுகளின் நகலை எங்களுக்குத் தருவீர்களா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில் முக்கியமானது. நகல் தரத் தயங்கும் இடத்தில், அவசரத்துக்கு வேறு டாக்டரிடம் போகும்போது நீங்கள் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கும்.

நோயில்லாத நாளில் ஒரு முறை செல்லுங்கள்

எடை பார்க்கவோ, தடுப்பூசி போடவோ ஒரு சாக்கு வைத்துக் கொண்டு நேரில் போய் வாருங்கள். டாக்டர் எடை போட்டுப் பார்த்த பிறகு மருந்தின் அளவைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். மிரளும் பிராணியைப் பழக்கிவிட்டுத் தொடுகிறாரா, இல்லை எடுத்த எடுப்பில் அமுக்கிப் பிடிக்கிறாரா? என்ன மருந்து, எதற்காக என்று புரியும்படி சொல்கிறாரா? தடுப்பூசிக் குப்பியின் லேபிளை ஊசி அட்டையில் ஒட்டிக் கையெழுத்துப் போடுகிறாரா? "இது என்னால் முடியாது, அங்கே காட்டுங்கள்" என்று சொல்லும் டாக்டரைக் குறைவாக எடை போடாதீர்கள். அப்படிச் சொல்பவரைத்தான் நம்பலாம்.

சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையையும் தெரிந்து வைத்துக் கொள்ளலாம். மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் டாக்டர் இருப்பார் என்று விசாரித்துக் குறித்துக் கொள்ளுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு போல்டர்

இனி நம் வேலை. பிராணியின் பெயரில் ஒரு போல்டர் உருவாக்கவும். ஒவ்வொரு சீட்டையும் ரிப்போர்ட்டையும் ஸ்கேன் செய்து அதில் சேமிக்கவும். பைலின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் (2024-03-15-ரத்தம் என்பது போல) பைல்கள் தாமாகவே கால வரிசையில் அமைந்துவிடும்.

அடுத்து எக்ஸெல் அல்லது வேறு ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் ஒரு பைல். தேதி, எடை, என்ன தொல்லை, கொடுத்த மருந்து, ஒத்துக்கொண்டதா, அடுத்த தேதி என ஆறு காலம் போதும். ஓராண்டு கழித்துப் போட வேண்டிய ஊசிக்கு ஈடேட் என்ற பங்ஷனைப் பயன்படுத்தலாம். ஊசி போட்ட தேதி உள்ள செல்லையும் 12 என்ற எண்ணையும் கொடுத்தால் அடுத்த தேதி கிடைக்கும். விடை ஐந்து இலக்க எண்ணாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். செல்லின் பார்மட்டை டேட் என மாற்றினால் சரியாகிவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. 05/04 என்று டைப் செய்தால், உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் செட் செய்யப்பட்டிருந்தால் அதை மே 4 என்று எடுத்துக் கொள்ளும். தேதிகள் மாதத்தின் பெயரோடு தெரியும்படி பார்மட்டை அமைத்துவிட்டால் தவறு உடனே கண்ணில் படும்.

டிஜிட்டல் எக்ஸ்ரே எடுத்தால் பிரிண்ட்டோடு டைகாம் பைலையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவப் படங்களுக்கான பொது பார்மட் அது. வேறு டாக்டர் தம் கம்ப்யூட்டரில் திறந்து, பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க முடியும். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாகுமெண்ட்டாக அனுப்பவும். போட்டோவாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு, சிறிய எழுத்துகள் மங்கிவிடும்.

போல்டரின் ஒரு நகல் பென் டிரைவிலும், இன்னொன்று கிளவுட் டிரைவிலும் இருக்கட்டும். வீட்டில் உள்ள எல்லாரும் திறக்கும்படி வைப்பது நல்லது. நீங்கள் ஊரில் இல்லாதபோதும் நாய்க்கு நோய் வரும்.

மைக்ரோசிப்

சென்னை மாநகராட்சி 2025ல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்துடன் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. அரிசி மணி அளவுள்ள இந்தச் சிப் தோலுக்கு அடியில் ஊசி மூலம் வைக்கப்படுகிறது. இதில் பேட்டரி கிடையாது. ஸ்கேனரை அருகில் கொண்டு சென்றால் அதன் அலையில் இருந்து மின்சக்தி பெற்று 15 இலக்க எண்ணைச் சொல்லும். அவ்வளவுதான். நாய் எங்கே இருக்கிறது என்று இது காட்டாது. அந்த எண்ணோடு உங்கள் பெயரும் போன் நம்பரும் பதிவாகி இருந்தால்தான் பயன். டாக்டரிடம் ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டு, எண்ணை உங்கள் பைலிலும் குறித்துக் கொள்ளுங்கள். போன் நம்பர் மாறினால் பதிவையும் மாற்ற மறக்க வேண்டாம்.

இன்டர்நெட் டாக்டர் வேண்டாம்

தேடல் தளமோ சாட்பாட்டோ மணியின் ஈறைத் தூக்கிப் பார்க்கப் போவதில்லை. டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்து கொள்ள அவற்றைப் பயன்படுத்தலாம். மருந்து கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது. நமக்கு வாங்கி வைத்த பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கலாம். இபுபுரோபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நமக்கு 101 டிகிரி என்றால் காய்ச்சல். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை சாதாரண வெப்பம்தான். நம் கணக்கு அதற்குப் பொருந்தாது.

இந்தக் கட்டுரையை டைப் செய்யும்போது மணி மேஜைக்கு அடியில், சி.பி.யு.வின் சூட்டில் முதுகை ஒட்டிப் படுத்திருக்கிறது. அதன் போல்டரில் இப்போது 31 பைல்கள் உள்ளன. மருந்து ஒத்துக்கொண்டதா என்ற காலத்தில், 2023 ஜூன் என்ற வரிசை மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது. ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் அதைக் காட்டி, "இது என்ன ஊசின்னு தெரியலை சார்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பைலில் அப்படி ஒரு காலி இடம் விழாமல் இருக்க, இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.